மிஸ்வாக் மரத்துக்கு நான் எழுதிய மருந்து

புதன்கிழமை பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். நேரத்தை நான் ஞாபகத்தில் இருந்து சொல்லவில்லை. விவசாயிக்குப் பூச்சிமருந்து எழுதிக் கொடுக்கும் எங்கள் சிபாரிசு அட்டையில் நேரம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் என் கையெழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிள்ளைகள் வாந்தி எடுக்கத் தொடங்கியது சனிக்கிழமை காலை. ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்வார்கள். என் கணக்கில் அது புதன்கிழமை நாலு பத்துக்கே தொடங்கிவிட்டது.

போன மாதம் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றேன். கல்முனைக் கரையோர ஊர்களிலும் அவற்றுக்கு மேற்கே உள்ள வயல் ஊர்களிலும் விவசாயப் போதனாசிரியராக என் உத்தியோகம் கழிந்தது. பிரியாவிடைத் தேநீரின்போது, புதிதாக வந்த இளம் போதனாசிரியை ஒருவர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"சேர், வெண்டிக்காய்ல புழு எண்டு ஆள் வந்தாலும், ரோசாவுல புழு எண்டு ஆள் வந்தாலும், மருந்தச் சொல்ல முந்தி 'இத ஆர் வாயில வைக்கிற?' எண்டு ஒரு கேள்வி கேப்பீங்களே. ரோசாப்பூவ ஆர் சேர் வாயில வைக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.  எங்கள் காலத்து அட்டையும் இனி இல்லையாம். அதைவிடச் சிறிய புதிய படிவம் வந்திருக்கிறது. கட்டங்கள் குறையும்போது யாராவது ஒருவர் இதை எழுதி வைப்பது நல்லது என்று நினைத்தேன்.

மலைநாட்டில் இரண்டு வருடம் விவசாயப் பாடசாலை, பிறகு பல வருடம் இங்கும் அங்கும் இடமாற்றம். அந்தக் காலத்தில் பூச்சிகளின் பெயர்களைப் படித்தேன், பூச்சிகளைப் பார்க்கவில்லை. பார்க்கப் பழக்கியவர் சிவஞானம் சேர். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பகுதிக்கு மேலதிகாரியாக வந்த யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர். சணல் கயிற்றில் கோத்த ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் கழுத்தில் தொங்கும். ஜீப்பை விட்டு இறங்கினால் வயலுக்குள் கால் வைக்கமாட்டார். வரம்பில் பத்து நிமிடம் சும்மா நிற்பார். விவசாயி பதறுவான்.

"என்ன ஐயா பாக்கிறீங்க?"

"நான் ஒண்டும் பாக்கேல்லை. பூச்சி என்னைப் பாத்து முடிக்கட்டும் எண்டு நிக்கிறன்."

நற்பிட்டிமுனையில் ஒரு வயலில், பயிரின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும் அறக்கொட்டி விழுந்துவிட்டதென்று ஓடினோம். நான் அட்டையைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டேன். அவர் குனிந்து, இரண்டு கையாலும் நெல்லின் அடியை விரித்து, என் தலையைப் பிடித்துக் கீழே காட்டினார். அறக்கொட்டி இருந்தது. அதைவிட அதிகமாகச் சிலந்தி இருந்தது.

"காசிம், உம்மட மருந்து முதலில ஆரைக் கொல்லும்?"

"சிலந்திய, சேர்."

"பிறகு?"

"அறக்கொட்டிக்குத் திருவிழா, சேர்."

"அப்ப பேனாவை மூடும்."

அந்த வயல் மருந்தில்லாமல் தப்பியது. பேனாவை மூடுவதும் ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரியாத புழு வந்தால் அவருடைய சட்டம் இன்னும் கடுமை. ஜாம் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, திகதி, ஊர், தின்ற இலை மூன்றையும் ஒட்டி, அது முழுப்பூச்சியாகும் வரை வளர்க்க வேண்டும். "புழுவைப் பாத்து நீர் பேர் வைக்காதையும். கொஞ்சம் பொறுத்தால் அது தன்ரை பேரைத் தானே சொல்லும்" என்பார். காரியாலய ஜன்னல் ஓரம் முழுவதும் போத்தல்கள். அந்தப் பழக்கம் எனக்கு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

என் வீடு ஒலுவிலுக்கு வடக்கே, கடலுக்கும் பெரிய தெருவுக்கும் நடுவில் உள்ள ஒரு மணல் ஊரில். பள்ளிவாசல் வளவின் கிழக்கு மூலையில் ஒரே ஒரு மிஸ்வாக் மரம். திணைக்களத்துப் புத்தகத்தில் அதற்கு உகாய் என்று பெயர். பாணமைப் பக்கத்து உப்புக் களப்போரங்களில் பத்தைபத்தையாக வளரும் மரம். மீன் ஏற்றப் போன ஒருவர் வேரோடு ஒரு கன்றைக் கொண்டு வந்து நட்டாராம். இலையைக் கடித்தால் கடுகு மாதிரி மூக்கில் ஏறும். தொழுகைக்கு முன் அதன் குச்சியால் பல் துலக்குவது சுன்னத்து, நபி காட்டிய வழி. நோன்பு மாதத்தில் பற்பசை வாயில் வைக்கத் தயங்குகிறவர்கள் இந்தக் குச்சியைத்தான் தேடுவார்கள். நோன்புக்குச் சில நாள் முந்தி, பாங்கு சொல்லும் மோதினார் குச்சி வெட்டிக் கழுவி ஊருக்குக் கொடுப்பார். நானும் அந்த மரத்துக் குச்சியால் பல் துலக்கியவன்தான். இதை வாசிக்கிறவர்கள் இந்த வரியை மறக்கவேண்டாம். நான் மறந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். கச்சான் காற்று அடிக்கும் மாதம். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். சுடுமணலில், தரைக்கு ஒரு முழ உயரத்தில் எதுவோ ஓடியது. அவித்த இறால் தோல் ஒன்றைக் காற்று அடித்துப் போகிறது என்று நினைத்தேன். அது காற்றுக்கு எதிராகத் திரும்பியது. மிஸ்வாக் மரத்துக்குப் போய் அமர்ந்து இறகை மூடியது. மூடியதும் காணவில்லை. இறகின் அடிப்பக்கம் அந்த இலையின் வெளிறிய மஞ்சட்பச்சையே. திறந்தால் இறால் தோலின் சிவப்பு, கறுப்புக் கரை, கரைக்குள் வெள்ளைப் புள்ளிகள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இல்லாத வண்ணத்துப்பூச்சி. காகமும் நிழல் தேடும் நேரத்தில் அது மட்டும் வெயிலைத் தேடித் திரிந்தது. மரத்தை விட்டுப் பத்துக் கஜ தூரம் போகவில்லை. அதற்கு முன் நான் அதை எங்கள் ஊரில் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துக் குருத்திலையின் அடியில் முட்டைகளைக் கண்டேன். மற்ற வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றொன்றாக வைத்துவிட்டுப் போவதைத்தான் அதிகம் பார்த்திருந்தேன். இது பதினைந்து இருபதை ஒன்றாகக் குவித்து வைத்திருந்தது. பொரித்த புழுக்கள் இலை விளிம்பில் தோளோடு தோள் ஒட்டி, சஃப் கட்டித் தொழ நிற்பதுபோல் வரிசையாக நின்று தின்றன. ஒன்று தலையைத் தூக்கினால் மற்றவையும் தூக்கின. ஒரு கொத்தைப் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மகள் ஜெமீலாவுக்கு அப்போது எட்டு வயது. குர்ஆன் ஓதற பள்ளியால் வந்ததும் போத்தலடியில் குந்திவிடுவாள்.

"வாப்பா, இதுகளுக்கு வேற சாப்பாடு குடுத்தா என்ன?"

நல்ல கேள்வி. குடுத்துப் பார்த்தோம். முருங்கை இலை, பூவரசு, கீரை. தொடவில்லை. காரத்துக்காக இருக்கலாம் என்று கடுகு விதைத்து அதன் இலையையும் வைத்தோம். ஒரு புழு கடித்துப் பார்த்துவிட்டு விலகியது. பசியில் சுருங்கினவே தவிர வேறொன்றைத் தின்னவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. இந்தப் பூச்சியால் வயலுக்கோ தோட்டத்துக்கோ ஒரு இலை நட்டமும் வராது. உலகத்தில் அதற்கு இருக்கிற ஒரே சாப்பாட்டுப் பீங்கான் இந்த மரம்.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொத்துவிலுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஒரு டிராக்டர் பெட்டியில் தொற்றிக்கொண்டு பாணமைக் களப்போரம் போனேன். உகாய்ப் பத்தையைச் சுற்றி அவை நூற்றுக்கணக்கில் கிடந்தன. வலை காயவைத்த ஒருவர், நான் தவழ்ந்து பார்ப்பதைக் கண்டு, என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டார். திரும்பும்போது ஊர் ஊராக இறங்கி மரம் தேடினேன். வழியில் எங்கும் ஒரு மரம் அகப்படவில்லை. பத்துக் கஜம் தாண்டாத பூச்சி அத்தனை தூரம் எப்படிக் கடந்தது? கச்சான் தூக்கி வந்ததா? யாராவது இலையோடு கொண்டுவந்த குச்சிக் கட்டில் முட்டை இருந்ததா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது அந்த நாளில் சந்தோசமாக இருந்தது.

இதற்குள் மரம் மொட்டையாகத் தொடங்கியது. புழுக்கள் குருத்தையெல்லாம் தின்றுவிட்டன. நோன்புக்கு மூன்று கிழமைதான் இருந்தது. பள்ளிவாசல் காரியங்களுக்குப் பொறுப்பானவர் ஆதம்பாவா மரைக்கார். அறுபது வயது, வரிப்பத்தான்சேனையில் வயல், வாய் நிறையப் பகிடி. என்னைக் கூப்பிட்டு மரத்தைக் காட்டினார்.

"ஒபிசர், நாங்க அஞ்சு நேரத்துக்கு மிஸ்வாக் செய்யிற. இதுகள் இருபத்தினாலு மணித்தியாலமும் செய்யுது. ஒரு வழி சொல்லுங்க."

"மரைக்கார், இது வேற ஒண்டையும் திண்ணாது. இருபது நாள் பொறுங்க. எல்லாம் பறந்திடும், மரம் தழைக்கும்."

"இருபது நாள்ல நோன்பு வந்திடும். நான் சனத்துக்கு என்னத்தக் குடுக்க? இறகையா?"

நான் இன்னொரு கிழமை இழுத்தேன். புழுக்கள் கூட்டுக்குள் போவதைப் பார்க்க ஆசை. போத்தலில் முதலாவது புழு துணியில் பட்டுநூல் கட்டித் தொங்கிய அன்று ஜெமீலாவும் நானும் இரவு இஷா தொழுகை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரில் கதை பரவியது. தேத்தண்ணிக் கடையில் நான் நுழைந்தால், "வாறாரு புழுவுக்கு உம்மா" என்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வளவில் ஊரே நிற்கும்போது, மரைக்கார் சத்தமாகச் சொன்னார்: "ஒபிசருக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்கிறது பூச்சியக் கொல்ல. இவரு அதுக்குத் தொட்டில் கட்டுறாரு." இருநூறு பேர் சிரித்தார்கள்.

சிவஞானம் சேர் அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார். இருந்திருந்தால், போத்தல் முடியட்டும் என்றிருப்பார். அவர் இல்லாததால் கையெழுத்து அதிகாரம் எனக்கு. புதன்கிழமை மரைக்கார் காரியாலயத்துக்கே வந்து முன்னால் உட்கார்ந்தார். எனக்குக் காதுக்குள் அந்தச் சிரிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. அட்டையை எடுத்தேன். இருந்தவற்றில் கடுமையான மருந்தை எழுதினேன். மேலே பட்டு ஓடுகிற மருந்தல்ல, இலையாலும் பட்டையாலும் மரத்துக்கு உள்ளே போகிற மருந்து. ஒரே அடியில் முடிய வேண்டும், இனி ஒருவரும் சிரிக்கக்கூடாது.

அட்டையில் பயிர் வகைக்கு ஐந்து கட்டம்: நெல், உப உணவு, மரக்கறி, பழம், ஏனையவை. மிஸ்வாக் எதில்? ஏனையவை. அடுத்த கட்டம்: மருந்தடித்து எத்தனை நாளுக்குப் பிறகு அறுவடை செய்யலாம். நெல்லுக்கு இத்தனை, கத்தரிக்கு இத்தனை என்று மனப்பாடம். இந்த மரத்தில் காய் பறிப்பாரில்லை, இலை சமைப்பாரில்லை. அறுவடை இல்லாத மரம். அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டேன். நேரம் நாலு பத்து.

இரண்டு கிழமைக்குப் பிறகு விசாரணையில் சிவஞானம் சேர் சத்தம் போடவில்லை. அட்டையை மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியை அந்தக் கோட்டுக்கு மேல் பிடித்தார். ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் வெகு நேரம் பார்த்தார். "காசிம், நீர் காலமை எதால பல்லுத் தீட்டுறனீர்?" என்று மட்டும் கேட்டார். எச்சரிக்கைக் கடிதம் பிறகு வந்தது. அதன் ஒரு வரியும் எனக்கு ஞாபகம் இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மரைக்காரின் வயற்காரன் மருந்தடித்தான். வெள்ளி காலை புழு எல்லாம் விழுந்து மரம் சுத்தமாக இருந்தது. மோதினார் சந்தோசமாகக் குச்சி வெட்டினார். சனிக்கிழமை ஓதற பள்ளியில் லெவ்வை, பிள்ளைகளை ஓதுவிக்கும் ஆசிரியர், நோன்பு வரப்போகிறது என்று மிஸ்வாக் செய்யும் முறையைப் படிப்பித்தார். ஆளுக்கொரு குச்சி. நுனியை மென்று தும்பாக்க வேண்டும். யாருடைய தும்பு அழகு என்று பார்ப்பதாகச் சொன்னாராம். கடுகுக் காரம் பிள்ளைகளுக்கு வேடிக்கை. காரம் மருந்தின் கசப்பையும் மறைத்துவிட்டது.

நான் நற்பிட்டிமுனையில் ஒரு வயலில் நின்றேன். பதினொரு மணியிருக்கும். மோதினார் வரம்பில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஒபிசர், ஓதற புள்ளையளுக்கு வருத்தம். வாயால நுரை தள்ளுது. லெவ்வைக்கும். எல்லாரையும் டிராக்டர்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க."

"ஜெமீலா?"

அவர் ஓடிப்போய்ச் சைக்கிளைத் தூக்கி என் பக்கம் திருப்பினார்.

ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு கட்டிலில் இரண்டு மூன்று பிள்ளைகள். வியர்வை, எச்சில், வாந்தி. ஜெமீலாவின் உதடு துடித்துக்கொண்டிருந்தது. இளம் பெண் டொக்டர் டோர்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கண்மணி எல்லாருக்கும் குண்டூசி முனை மாதிரி. இது சாப்பாட்டால வாறதில்ல. பூச்சிமருந்து. இண்டைக்கு இந்தப் பிள்ளைகள் எந்த வயலுக்குப் போனது?"

"வயலுக்கா? ஓதப் போன புள்ளையள் டொக்டர்" என்றார் ஒரு தாய்.

"ஊசி போடத் தொடங்கிட்டன். ஆனா எந்த மருந்து, எவ்வளவு எண்டு தெரிஞ்சால்தான் எவ்வளவு ஊசி வரைக்கும் போகலாம் எண்டு தெரியும். ஆருக்காவது தெரியுமா?"

என் மனைவி கட்டிலடியில் நின்றாள். "வீட்டில தேத்தண்ணி மட்டுந்தான் குடிச்ச. வேற ஒண்டும் இல்ல. மறுகா லெவ்வை குடுத்த இத..." என்று கையை விரித்தாள். மிஸ்வாக் குச்சி. நுனி அழகான தும்பு. எல்லாப் பிள்ளைகளிலும் என் மகள்தான் கூடுதலாக மென்றிருக்கிறாள். வாங்கி மணந்தேன். கடுகு. அதற்கு அடியில், என் காரியாலய மருந்துக் களஞ்சிய அறையின் வாசம்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். புழு எப்படித் துடித்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு கணம்தான். பிறகு வாய் தானாகத் திறந்தது.

"டொக்டர், எனக்குத் தெரியும்." மருந்தின் பெயரையும் அளவையும் அடித்த நாளையும் சொன்னேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் எழுதிக் குடுத்த."

 என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, குச்சியைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் மகனைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிகாரர் மெதுவாகச் சொன்னார்: "புழு சாகப்படா எண்டு போத்தல்ல வெச்சு வளத்த மனிசன். புள்ளையளுக்கு மருந்து எழுதியிரிக்காரு." அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

"அதெல்லாம் பிறகு" என்றார் டொக்டர். "எத்தனை குச்சி வெட்டினது? ஒவ்வொண்டா எண்ணிச் சொல்லுங்க. வெளியில ஒரு குச்சியும் இருக்கப்படாது."

மோதினார் விரல் விட்டு எண்ணினார். "பன்னிரண்டு, டொக்டர். மூணு தரம் கழுவித்தான் குடுத்தன். அல்லாஹ் அறிய, மூணு தரம்."

கழுவினால் போகாது என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு ஒன்பது. லெவ்வைக்கு ஒன்று. மோதினாருக்கு ஒன்று, பழைய குச்சி தேயவில்லை என்று புதியதை அவர் தட்டில் வைத்துவிட்டார். பன்னிரண்டாவதை ஜும்ஆ முடிய மரைக்காருக்குக் கொடுத்தாராம். மரைக்கார் அன்று காலை முதலாவது பஸ்ஸில் வரிப்பத்தான்சேனை வயலுக்குப் போய்விட்டார். அங்கே காவற்கொட்டிலில் அவர் தனியே. விடியல் தொழுகை சுபஹு முடிய அவர் மிஸ்வாக் செய்யாமல் பஸ் ஏறமாட்டார் என்று அவருடைய மகன் சொன்னான். சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

நாங்கள் காத்திருந்தோம். டொக்டர் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வரிசையாக வந்தார். கண்மணி, நாடி, வாய், நெஞ்சுச் சத்தம். பிறகு ஊசி. தாதி மிஸ்ஸி ஒரு காகிதத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடாகக் கீறினார். எதைப் பார்க்கிறீர்கள் என்று டொக்டரிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் ஏலாது. "கண்மணி விரியவேணும், வாய் காயவேணும். அதுவரைக்கும் போடுவன்" என்றார். பூச்சியை எந்த வழியால் கொல்லும் என்று நான் படித்த மருந்து, அதே வழியால் என் பிள்ளையின் எச்சிலையும் வியர்வையையும் ஓடவிடுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். படித்தது ஒரு வரி. பார்த்தது மூன்று மணித்தியாலம்.

இரண்டு மணிக்கு மரைக்காரின் மகன் திரும்பி வந்தான். கொட்டில் பூட்டியிருக்கிறது. வாய்க்கால் பக்கம் போனதை ஒருவர் கண்டிருக்கிறார், பிறகு காணவில்லை. வாய்க்கால் முழுவதும் கூப்பிட்டுப் பார்த்தானாம். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜெமீலாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவனோ இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனான்.

மூன்று மணி போல ஜெமீலா கண் திறந்தாள். உதட்டை நக்கினாள்.

"வாப்பா, தண்ணி."

குடுக்கலாமா என்று மிஸ்ஸியைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "தண்ணி கேட்டா நல்லம். வாய் காயுது. இனிப் பயமில்ல." ஈரத்துணியால் அவள் உதட்டைத் தொட்டார். டோர்ச்சை நானே வாங்கிப் பார்த்தேன். கண்மணி கறுத்து விரிந்து கிடந்தது. இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இன்றைக்கும் காலையில் அவள் தேத்தண்ணி கொண்டுவரும்போது முதலில் அவள் கண்மணியைத்தான் பார்க்கிறேன். "வாப்பா, சரியான சைஸ்லதான் இரிக்கி" என்று பகிடி பண்ணுவாள். நான் பகிடிக்குப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு கட்டிலாகத் தண்ணீர் கேட்கும் சத்தம் வந்தது. கடைசியாகத் தேறியவர் லெவ்வை. ஒன்பது பிள்ளைகளும் தப்பினார்கள். பன்னிரண்டாவது குச்சி மட்டும் கணக்கில் வரவில்லை. மரைக்காரின் மனைவி வாட்டின் கதவோரம் சீலைத்தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு நின்றார். அவரிடம் போனேன். பக்கத்தில் நின்றேன். அவரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

அஸர் பாங்கு கேட்டு முடியும் நேரம், வாசலில் ஒரு சலசலப்பு. முழங்கால் வரை சேற்றோடு மரைக்கார் உள்ளே வந்தார். மடை உடைந்து தண்ணீர் பாய்ந்துவிட்டதென்று வாய்க்காலின் தலைப்பகுதிக்கே நடந்து போயிருந்திருக்கிறார். வழியில் மகனைச் சந்தித்து, நேரே வந்திருக்கிறார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டில்களைப் பார்த்தார்.

"எத்தின புள்ள?"

"ஒன்பது. எல்லாரும் தேறிட்டாங்க, மரைக்கார். நீங்க? உங்களுக்கு?"

அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டுக் குச்சியை எடுத்து ஜெமீலாவின் கால்மாட்டில் வைத்தார். தோலும் உரிக்காத, பல் படாத குச்சி.

"நேத்து ஜும்ஆ முடிய மரத்தடியில நிண்டு பாத்தன், ஒபிசர். புழு எல்லாம் செத்துக் கொட்டுண்டு கிடந்திச்சி. அத இழுக்க வந்த எறும்பும் செத்துக் கிடந்திச்சி. எனக்கு வாயில வைக்க மனம் வரல்ல. பையில போட்டன்."

ஜெமீலாவின் காலை மெதுவாகத் தொட்டார். 

"மருந்தடிக்கச் சொல்லி நிண்டவன் நான். நானே வாயில வைக்கப் பயந்தா ஊரு சிரிக்கும் எண்டு, ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல."